வாசலில் எறிந்த எர்த் குழாய்

எண்பதுகளில், ஏற்காடு மலைக் கிராமமான வாழவந்தியில் முதல் டிவி வாங்கியவர் என் மனைவியின் அண்ணன். மலை மறைத்ததால் படம் புள்ளி புள்ளியாக வந்தது. ஆன்டெனாவுக்குக் கீழே, சிக்னலைப் பெருக்க ஒரு பூஸ்டர் மாட்டினார்கள். கோடை இடியில் அது போனது. அடுத்து மாட்டியதும் போனது. இரண்டு பூஸ்டர் பாழான பிறகுதான் அவர்களுக்கு என் ஞாபகம் வந்தது.

நான் எலக்ட்ரானிக்ஸில் டிப்ளமோ முடித்துவிட்டு, ஏற்காட்டில் ஓர் எஸ்டேட்டில் ரிப்பேர் வேலை பார்த்தேன். படித்தும் ஸ்க்ரூடிரைவர் பிடிக்கிற மாப்பிள்ளை என்று அந்த வீட்டில் எனக்குப் பெயர்.

“இத மட்டும் சரியா செஞ்சு குடுத்துருங்க. அப்புறம் எங்கூட்டுல யாரும் உங்கள எளக்காரமா பேச மாட்டாங்க” என்றாள் மனைவி.

ஆன்டெனாவில் வருகிற சிக்னல் ஒரு வோல்ட்டில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இருக்காது. அதற்காகப் பூஸ்டருக்குள் வைத்த டிரான்சிஸ்டர், தூரத்து மின்னல் கம்பியில் கிளப்பிவிடும் சில வோல்ட்டுக்கே செத்துவிடும். அதனால் பூஸ்டரின் வாயில் இரண்டு சின்ன டையோடுகளை எதிரெதிராக வைத்துப் பற்றவைத்தேன். சிக்னலுக்கு இரண்டும் மூடியே இருக்கும். அரை வோல்ட்டுக்கு மேல் எந்தப் பக்கம் ஏறினாலும், ஒன்று திறந்து அதிகப்படியை எர்த் கம்பிக்குத் தள்ளிவிடும். அது மண்ணில் இறங்குவதற்குச் சுவரோரம் ஓர் இரும்புக் குழாய் அடித்தேன். அடியில் பாறை. முழங்கால் ஆழம்தான் இறங்கியது.

மச்சான் டையோடை விரல் நுனியில் வைத்துப் பார்த்தார். “ஏனுங்க மாப்ள, கடுகாட்டம் இருக்குது. இதுவா இடியத் தடுக்கப் போவுது?”

“இடியத் தடுக்காதுங்க மச்சான். மிச்சத்த மண்ணுல எறக்கி உடும்.”

“எறக்கட்டும், எறக்கட்டும். எங்க தலையில எறக்காம இருந்தாச் சரி.”

திண்பண்டத்தோடு படம் பார்க்க வந்திருந்த பத்தொன்பது பேரும் சிரித்தார்கள்.

இரண்டு இடிமழையை அது தாங்கியது. அப்போது மாமியார் ஊரில் இல்லை. மூன்றாவது மழைக்கு இருந்தார். இடி கேட்டால் வீட்டிலுள்ள இரும்பையெல்லாம் வாசலில் எறிவது அங்கே வழக்கம். அரிவாள் போனது, கடப்பாரை போனது. சுவரோரம் நின்ற குழாயும் அவர் கண்ணில் பட்டது. கம்பியைப் பிய்த்து, குழாயை ஆட்டிப் பிடுங்கி அதையும் எறிந்தார்.

மறுநாள் போனேன். பூஸ்டரில் ஒரு டையோடு மட்டும் கருகியிருந்தது. டிரான்சிஸ்டர் பிழைத்துவிட்டது. இறங்க மண் இல்லாத மின்சாரம் கேபிள் வழியாகவே வீட்டுக்குள் போய் டிவியை எரித்திருந்தது.

“உங்க பொட்டி நல்லாத்தான் இருக்குதுங்க மாப்ள. எங்க பொட்டிதான் போச்சு. நொம்ப நல்லாப் படிச்சிருக்கீங்க” என்றார் மச்சான்.

வாசலில் கிடந்த குழாயைக் காட்டினேன்.

“இரும்ப வெளிய போட்டதாலதான் சாமி உசுரோட இருக்கறோம்” என்றார் மாமியார்.

என் மனைவி அடுப்படி வாசலில் நின்றிருந்தாள். திரும்பும்போது பஸ்ஸில் அவளிடம் கேட்டேன்: “அந்தக் குழாயத் தொடாம இருந்திருந்தா?”

“நீங்க அடிக்காம இருந்திருந்தா?” என்றாள்.

அதற்குப் பிறகு அந்த வீட்டுக்கு இரண்டு முறை போனேன். இரண்டும் சாவுக்கு. மச்சானைக் கிடத்தியிருந்த அன்று இடி இடித்தது. அழுதுகொண்டிருந்தவர்களில் ஒருத்தி எழுந்து போய், அரிவாளையும் அந்தக் குழாயையும் வாசலில் எறிந்துவிட்டு வந்து மறுபடி உட்கார்ந்தாள்.