ஈசானிய மூலைக்கு விட்ட குழாய்

முற்றத்து மழைநீர் வீட்டுக்குள் வராமலிருக்க, போன வாரம் மேஸ்திரி முனியப்பன் மண்குழாய் பதித்தார். தெற்கே ஓடை இருந்தும், தண்ணீர் ஈசானிய மூலையில்தான் வெளியேற வேண்டும் என்று வடகிழக்கே விட்டார். வாஸ்துவில் நம்பிக்கை இல்லாத நானும் சரியென்று விட்டுவிட்டேன்.

நேற்றைய மழையில் அந்தத் தண்ணீர் பக்கத்து வீட்டு மாதையனின் மண்சுவரைச் சாய்த்தது. சுவரோரம் கட்டியிருந்த கறவை மாடு செத்துப்போனது.

இன்று காலை மாதையன் கடப்பாரையோடு வந்து குழாய்களை நொறுக்கினார். கூலி பாக்கி வாங்க வந்திருந்த மேஸ்திரி தடுக்கப்போய், மண்டை உடைந்தது.

"நவுருங்க டீச்சரம்மா! செவுரு போச்சு, மாடு போச்சு. இவன உசுரோட வுட மாட்டேன்!"

நான் கடப்பாரையை இரு கைகளாலும் பிடித்துத் தொங்கினேன்.

வழியும் ரத்தத்தைத் துண்டால் அழுத்திக்கொண்டு மேஸ்திரி சொன்னார்: "மறுபடியும் ஈசானியத்துலதாங்க வுடணும். இல்லாட்டி வூட்டுக்கு ஆகாதுங்க."

யார் வீட்டுக்கு என்று நான் கேட்கவில்லை.

ஓடை இருக்கும் பக்கம் பார்த்துக் குழாய் பதிக்கும் மேஸ்திரி உங்கள் ஊரில் இருந்தால் சொல்லுங்கள்.