ஐந்தாம் நாள் லைன்

அன்றைக்கு லைனில் நின்றவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன். முதலாவது, ரேஷன் கடையில் எடை போடுகிறவர் வீட்டுச் சின்னம்மா. இரண்டாவது, என் அத்தை. அய்யாவின் அக்கா. அப்பாவை நாங்கள் அய்யா என்போம். மூன்றாவது, அம்மா. நான்காவது, பூசாரி வீட்டு அக்கா. ஐந்தாவது, ஆடு வைத்திருக்கிற பெரியப்பா. அவருக்குப் பெண்டாட்டி இல்லை, அதனால் அவரே குடம் தூக்கிக்கொண்டு வருவார். அம்மா பக்கத்தில் நான். என்னை யாரும் எண்ணவில்லை. எட்டு வயது.

லைன் என்பது இங்கிலீஷ் என்று அப்போது எனக்குத் தெரியாது. தமிழ்தான் என்று நினைத்திருந்தேன். சிக்கல் என்கிற ஊரில் இருந்து உள்ளே போகிற எங்கள் ஊரில் அந்தச் சொல் இல்லாமல் ஒரு வேலையும் நடக்காது. தண்ணீர் வருகிற குழாய் லைன். அதற்கு முன்னால் குடம் வைப்பதும் லைன். கரண்ட் நின்றால் லைன் போச்சு, அதைப் பார்க்க வருகிறவர் லைன்மேன். பள்ளிக்கூடத்தில் தட்டை வைத்துக்கொண்டு லைன். வாத்தியார் ஒரு லைன் வாசி என்பார், நான் அரை லைன் வாசிப்பேன். பஸ் ஸ்டாப்பில் பெண்பிள்ளைகளைப் பார்த்து நின்றவன் லைன் போடுகிறான் என்றார்கள். அவனுக்கு நாலு அடி விழுந்த பிறகு லைனுக்கு வந்துவிட்டான் என்றார்கள். உங்கள் அய்யா எந்த லைனில் இருக்கிறார் என்று கேட்டால், கம்பி கட்டுற லைன், சவூதியில் என்று சொல்ல வேண்டும். அம்மா அப்படிப் பழக்கியிருந்தாள்.

இத்தனைக்கும் ஒரே சொல் எப்படிப் போதும் என்று நான் யோசித்ததில்லை. யோசிக்க நேரமில்லை. பாதி நாள் ஏதாவது ஒரு லைனில் நின்றுகொண்டிருந்தோம். இப்போதும் அப்படித்தான். போன் போட்டால் ஒரு பெண் குரல் லைனில் இருங்கள் என்கிறது. இருக்கிறேன்.

குழாயில் தண்ணீர் ஐந்து நாளுக்கு ஒருமுறை வரும். வீட்டுக்கு ஆறு குடம். குடத்தை வைத்துவிட்டால் இடம் உங்களுடையது, வீட்டுக்குப் போய் உலை வைத்துவிட்டு வரலாம். ஆனால் குழாய் புஸ்ஸென்று காற்று விட்ட பிறகு குடம் போதாது, ஆள் நிற்க வேண்டும். ஆள் இல்லாவிட்டால் குடம் கடைசிக்குப் போகும். யார் ஆள் என்பதற்கும் ஒரு கணக்கு இருந்தது. நிறைகுடத்தைத் தூக்கி இடுப்பில் வைக்கிறவர் ஆள். மற்றவர்கள் இல்லை.

அய்யா மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை பேசுவார். குழாய்க்கு எதிரே, ரோட்டுக்கு அந்தப் பக்கம், போன் வைத்திருந்த பெரியம்மா வீடு. போன் ஜன்னல் ஓரத்தில் இருக்கும். நாங்கள் போய் நின்று பேசுவோம். வாசலுக்குள்ளேயே குழாய் இழுத்திருந்த வீடும் அது ஒன்றுதான்.

அய்யா போய் மூன்று வருடம் முடிகிற சமயம். திரும்பி வருவதா, இன்னும் இரண்டு வருடத்துக்குக் கையெழுத்துப் போடுவதா என்று கம்பெனியில் கேட்டிருந்தார்கள். இந்த வெள்ளிக்கிழமை அம்மா சொல்வதுதான் முடிவு என்று போன தடவையே அய்யா சொல்லிவிட்டார். அம்மா ஒரு வாரமாக அதையே பேசினாள். அய்யா கிளம்பும்போது தம்பி வயிற்றில் இருந்தான். அவனுக்கு அய்யா என்றால் போட்டோ.

அந்த வெள்ளிக்கிழமையும் தண்ணீர் நாளும் ஒன்றாக வந்தன. லைனில் நிற்கும்போதும் அத்தை அதைத்தான் ஆரம்பித்தாள்.

"வரச் சொல்லிரு. காசு காசுன்னு அங்கனயே கெடக்கவா?"

"சொல்லத்தான் போறேன் மதினி. இன்னைக்குச் சொல்லிருவேன்."

"தெக்க பாத்து நின்னு சொல்லு. வடக்க பாத்துச் சொன்னா அவன் பாட்டுக்கு இன்னும் தூரமாப் போயிருவான்" என்றார் பெரியப்பா. எல்லாரும் சிரித்தார்கள். அம்மாவும் சிரித்தாள்.

நாலு மணிக்கு மேல் குழாய் காற்று விட்டது. சின்னம்மா ஆறு குடமும் பிடித்துக்கொண்டு போனாள். அத்தைக்கு ஆறாவது குடம் நிறையும்போது போன் வீட்டுப் பெரியம்மா வாசலில் நின்று கத்தினாள்.

"ஏத்தா, அவுக லைன்ல இருக்காக! ஓடியா!"

அம்மா குழாயைப் பார்த்தாள். ரோட்டைப் பார்த்தாள். அத்தை, "நீ போ. ஓம் கொடத்தையும் நானே புடிக்கிறேன்" என்றாள்.

பூசாரி வீட்டு அக்கா விடவில்லை. "அதெப்புடி? ஒலை வேற வேற வச்சா லைனும் வேற வேறதான். போன ஆடியில எங்கொடத்தைத் தள்ளுனப்ப நீங்கதான இதைச் சொன்னீக?"

அத்தை தன் குடத்துப் பக்கம் திரும்பிக்கொண்டாள். சொன்னது அவள்தான்.

"எம்புள்ள நிக்கிறா. இந்தா வந்துர்றேன்" என்று சொல்லிவிட்டு அம்மா ஓடினாள்.

அத்தை ஆறாவது குடத்தைப் பிடித்துவிட்டு நகர்ந்தாள். எங்கள் முறை வந்தது. நான் முதல் குடத்தைக் குழாய்க்குக் கீழே வைத்தேன். தண்ணீர் நூல் மாதிரி விழுந்தது. ஒருவழியாகக் குடம் நிறைந்தது.

"தூக்கு பாப்போம்" என்றாள் பூசாரி வீட்டு அக்கா. கோபமாகச் சொல்லவில்லை. அது முறை, அதனால் சொன்னாள்.

குடத்தின் கழுத்தைப் பிடித்தேன். முழங்கால்வரை வந்தது. தொடையில் முட்டுக்கொடுத்து இடுப்புக்கு ஏற்றப் பார்த்தேன். பிளாஸ்டிக் குடம், வெளியெல்லாம் ஈரம். நழுவிவிட்டது. தண்ணீர் முழுவதும் தரையில் போனது. கொஞ்ச நேரம்கூட நிற்கவில்லை, மண் குடித்துவிட்டது.

யாரும் திட்டவில்லை. பூசாரி வீட்டு அக்கா எங்கள் குடங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பெரியப்பாவின் குடங்களுக்குப் பின்னால் கொண்டுபோய் வைத்தாள். பிறகு தன் குடத்தை வைத்தாள். நான் நனைந்த பாவாடையோடு நின்றேன். தூக்கியிருந்தால் அதை அய்யாவிடம் சொல்லும்படி அம்மாவிடம் கேட்டிருக்கலாம் என்று மட்டும் நினைத்தேன்.

அம்மா திரும்பி வந்தாள். போகும்போது ஓடினவள், வரும்போது நடந்து வந்தாள்.

"சொல்லிட்டியா?" என்றாள் அத்தை.

"சொல்லிட்டேன்."

"அப்ப வந்துருவான். ஆடிக்கு முந்தி வந்துருவான்."

அம்மா குனிந்து என் பாவாடையைப் பிழிந்துவிட்டாள். பெரியப்பாவின் நாலாவது குடத்தோடு தண்ணீர் நின்றுபோனது. நாங்கள் ஆறு காலிக் குடத்தோடு வீட்டுக்குப் போனோம். தண்ணீரைக் கொட்டியதற்காகத்தான் அம்மா பேசவில்லை என்று இருந்தேன். இரண்டு நாள் அவள் கண்ணில் படாமல் திரிந்தேன்.

அய்யா வரவில்லை. அடுத்த மாதம் அவரே அத்தையிடம் போனில் சொன்னார், கையெழுத்துப் போட்டாயிற்று என்று. அத்தை எங்கள் வாசலுக்கு வந்து நின்று, காசுக்கு ஆசைப்பட்டுப் புருசனை அங்கேயே விட்டுவிட்டாள் என்று கத்தினாள். அம்மா உள்ளே போய் உலை வைத்தாள். ரொம்ப நாள் இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை இல்லை. நானும் அத்தை சொன்னதையே நம்பினேன். அம்மாவிடம் கேட்கவும் இல்லை.

எனக்குக் கல்யாணமாகி ஊருக்கு வந்திருந்தபோது போன் வீட்டுப் பெரியம்மா சொன்னாள். அம்மா நலம் விசாரித்து, தம்பியைப் பற்றியெல்லாம் சொல்லிவிட்டு, வந்துருங்க என்று சொல்லத்தான் வாயெடுத்தாளாம். ஜன்னல் வழியாகக் குழாயடியைப் பார்த்துக்கொண்டே பேசினாளாம். நான் குடத்தைத் தூக்கியதையும் அது விழுந்ததையும், எங்கள் குடங்கள் கடைசிக்குப் போனதையும் பார்த்தாளாம். அந்தப் பக்கம் அய்யா ஹலோ ஹலோ என்று கத்துவது பெரியம்மாவுக்கே கேட்டதாம்.

"அதுக்குப் பெறகுதான் ஒங்கம்மா சொன்னா. ரெண்டு வருசம் இருந்துட்டே வாங்க, வாசலுக்குள்ள ஒரு லைன் இழுத்துருவோம், புள்ளைக்குத் தூக்க ஏலலைன்னு. அம்புட்டுத்தான். வச்சுட்டா."

வாசலுக்குள் லைன் அடுத்த வருடம் வந்தது. அதிலும் ஐந்து நாளுக்கு ஒருமுறைதான் தண்ணீர். பிறகு வீட்டுக் கூரை, தம்பி படிப்பு, என் கல்யாணம் என்று ஒவ்வொன்றுக்கும் அய்யா கையெழுத்துப் போட்டார். நரைத்துப் போய் வந்து இறங்கினார். அவர் அங்கே இருந்தது மொத்தம் பதினேழு வருடம்.