ஞானம் அண்ணியும் 'லெட்' என்ற சொல்லும்

அவித்த நெல்லின் வாடை இன்றைக்கும் எங்காவது மூக்கில் பட்டால் எனக்கு நெஞ்சை அடைக்கும். வில்லியனூருக்குப் பக்கத்தில், பங்குக் கோயிலை ஒட்டினாற்போல் இருந்த எங்கள் வீட்டில், நெற்குதிருக்கும் சமையற்கட்டுக்கும் நடுவே சன்னல் இல்லாத ஓர் அறை உண்டு. பின்கட்டில் அம்மா அண்டாவை ஏற்றி நெல் அவிக்கும்போதெல்லாம் அந்த ஆவி முழுவதும் அங்கேதான் வந்து தங்கும். நான் பெரியவளான அன்றோடு சிஸ்டர்மார் நடத்திய பள்ளிக்கூடமும் தெருவும் எனக்கு முடிந்துபோயின. ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு மட்டும் முக்காடு போட்டுக்கொண்டு அம்மாவோடு போய்வரலாம். மற்ற நாளெல்லாம் அந்த அறைதான்.

அந்த அறையில் எனக்குத் துணையாக இருந்தவள் ஞானம் அண்ணி. அண்ணனுக்கு வாழ்க்கைப்பட்டு விழுப்புரத்திலிருந்து வந்தவள். அவளுடைய அப்பா ரயிலில் வேலை பார்த்தவர் என்பதால் எட்டாவது வரை இங்கிலீஷ் படித்திருந்தாள். கல்யாணமான கொஞ்ச நாளிலேயே அண்ணன் சைகோனுக்குக் கப்பலேறிவிட்டான். பிரெஞ்சுக்காரன் எல்லைக்குள் பிறந்த படித்த பிள்ளைகளுக்கு அப்போது அதுதான் பிழைப்பு. போகும்போது அப்பாவிடம், ஞானத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனான். சொன்னவன் எந்த அர்த்தத்தில் சொன்னானோ, அப்பா அதைக் காவல் என்றே எடுத்துக்கொண்டார். அவர் கொடுமைக்காரர் இல்லை. சந்தைக்குப் போனால் எனக்கு என்ன வாங்கினாரோ அதையே அண்ணிக்கும் வாங்கி வருவார். அவளைத் தாய்வீட்டுக்கு மட்டும் அனுப்ப மாட்டார். "மவன் வந்து கேட்டா நான் இன்னா சொல்றது?" என்பார்.

அண்ணியின் பெட்டியில் ஓர் இங்கிலீஷ் பாடப் புத்தகம் இருந்தது. எனக்குக் கொஞ்சம் பிரெஞ்சு தெரியும். அந்த இருட்டில் வேறு வேலை இல்லாதபோது நானும் அவளும் சொற்களை மாற்றிக்கொள்வோம். நான் ஒரு பிரெஞ்சுச் சொல் கொடுத்தால் அவள் ஓர் இங்கிலீஷ் சொல் கொடுப்பாள். அப்படித்தான் ஒருநாள் 'லெட்' வந்தது. புத்தகத்தில் அதற்கு 'அவன் வரட்டும்', 'அவள் போகட்டும்' என்று உதாரணம் போட்டிருந்தது. பூசையில் செபிப்போமாக என்று சொல்வதற்கும் அதே 'லெட்'தான் என்றாள் அண்ணி. விழுப்புரத்தில் துரைமார் இருந்த பங்களாவில் வீடு வாடகைக்கு என்று எழுதித் தொங்கவிட்ட பலகையிலும் அதே 'லெட்'. வைத்தியன் கத்தியால் கீறி ரத்தத்தை வெளியே விடுவதற்குக்கூட அந்தச் சொல்தானாம். ஓட்டை ஓலைக்குடை மழையை உள்ளே விடுவதற்கும் அதுதான். எனக்கு ஒரே ஆச்சரியம். யோசித்துப் பார்த்தால், நாமும் வீட்டை வாடகைக்கு 'விடுகிறோம்', ரத்தம் 'விடுகிறோம்', கையைப் பிடித்தவனிடம் 'வுடு' என்கிறோம். எங்கள் ஊர்ப் பேச்சில் வீடு என்பது 'வூடு'. வுடு, வூடு என்று இரண்டையும் அடுத்தடுத்துச் சொல்லிப் பார்த்துவிட்டு அண்ணி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

அறுவடைக் காலத்தில் அண்ணியின் தம்பி ரயிலில் வந்து இறங்கினான். அவர்களுடைய அம்மாவுக்கு நெஞ்சுக்கட்டு. எழுந்து உட்கார முடியவில்லை. மகளைக் கேட்டுக்கொண்டே இருக்கிறாள் என்றான். அப்பா அவனை உட்காரவைத்துச் சோறு போட்டார், நோயைப் பற்றி அக்கறையாக விசாரித்தார், அறுப்பு முடியட்டும், நானே கொண்டுவந்து விடுகிறேன் என்று சொல்லி அனுப்பினார். அறுப்பு முடிந்தது. நெல் களத்திலிருந்து வீடு சேரட்டும் என்றார். சேர்ந்தது. கோயில் கொடியேற்றம் ஆகட்டும் என்றார். முடியாது என்று அவர் ஒரு தடவையும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அண்ணி சண்டையாவது போட்டிருப்பாள். ஆகட்டும், முடியட்டும், வரட்டும் என்று ஒவ்வொரு தடவையும் அனுமதி கொடுக்கிற வார்த்தையை வைத்தே அவர் கதவைச் சாத்தினார். அண்ணி புத்தகத்தைப் பெட்டியில் போட்டுப் பூட்டிவிட்டாள். அதன்பிறகு நாங்கள் சொற்கள் மாற்றிக்கொள்ளவில்லை.

கொடியேற்றத்துக்கு அடுத்த நாள் காலையில் அப்பா கரும்புத் தோட்டத்துக்குப் போயிருந்தார். அம்மா அண்டாவுக்கு முன்னால் உட்கார்ந்து அடுப்பில் விறகைத் தள்ளிக்கொண்டிருந்தாள். அண்ணி போய்ப் பக்கத்தில் நின்றாள், அவளுக்குப் பின்னால் நான்; என்ன கேட்பது என்று அவளுக்கே தெரியவில்லை. அம்மா திரும்பிப் பார்க்காமலே சொன்னாள்: "இன்னாத்துக்குக் கேட்டுக்கினு நிக்கிற? கெளம்பு. தனியா போவாத, இவளையும் இட்டுக்கினு போ. அவருகிட்ட நான் பேசிக்கிறேன்."

அம்மா அப்பாவை எதிர்த்து ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை. பின்கதவின் தாழ்ப்பாளை அவளே எழுந்து வந்து எடுத்தாள். ஸ்டேஷன் வரையில் தலையைக் குனிந்தபடியே நடந்தோம். வெயிலில் கண் கூசியது. நடந்து பழக்கம் விட்டுப்போன என் கால்கள் ரயிலேறுவதற்குள் வலிக்க ஆரம்பித்துவிட்டன.

பிரெஞ்சு எல்லை தாண்டியதும் இங்கிலீஷ்காரன் பக்கத்துச் சுங்கச் சோதனை. புதுச்சேரியிலிருந்து துணியும் சாராயமும் திருட்டுத்தனமாகப் போகும் காலம் அது. ஆண்துணை இல்லாமல், கையில் மூட்டை இல்லாமல் போகும் சின்னப் பெண்கள் இரண்டு பேர் என்றால் சேலைக்குள் எதையாவது சுற்றியிருப்பார்கள் என்றுதான் நினைப்பார்கள். எங்களை இறக்கிவிட்டார்கள். பெண்களைச் சோதிக்க ஓர் அம்மாள் உண்டு, இன்னும் வரவில்லை. தாயார் சாகக் கிடக்கிறாள் என்று அண்ணி தமிழில் சொல்லிப் பார்த்தாள். பிறகு, அந்த மேசைக்கு முன்னால் நிமிர்ந்து நின்று, இங்கிலீஷில் கேட்டாள்.

"லெட் மீ கோ, சார்."

அந்த மனிதர் பேனாவை வைத்துவிட்டு அவளை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தார். கோபமெல்லாம் இல்லை. "அந்தம்மா வரட்டும்" என்றார்.

எங்களைச் சுமந்து வந்த ரயில் கிளம்பிப் போய்விட்டது. சோதிக்கும் அம்மாள் உச்சிப்பொழுது கழிந்து வந்தாள், எங்கள் இடுப்பைத் தடவிப் பார்த்தாள், ஒன்றும் இல்லை என்று சொன்னாள். சாயங்கால வண்டியில் விழுப்புரம் போய்ச் சேர்ந்தபோது வீட்டு வாசல் கழுவிவிடப்பட்டு ஈரமாக இருந்தது. முந்தின நாள் ராத்திரி உயிர் போயிருக்கிறது. மத்தியானம் வரையில் மகளுக்காகச் சவப்பெட்டியை மூடாமல் வைத்திருந்து, பிறகு எடுத்துவிட்டார்கள். அண்ணி அழவில்லை. அந்த ஈரத்திலேயே உட்கார்ந்துகொண்டாள்.

அடுத்த நாள் அப்பா வந்தார். வாசலிலேயே நின்றார், உள்ளே வரச் சொல்லியும் வரவில்லை. அவருடைய மேல்துண்டு தோளிலிருந்து இறங்கிக் கையில் இருந்தது. என்னைப் பார்த்து, கிளம்பு என்றார். பிறகு அண்ணி பக்கம் திரும்பினார். அவள் முந்திக்கொண்டு பேசினாள்.

"மாமா, நான் இங்கியே இருக்கட்டுமான்னு உங்கள கேக்கல. நான் வரல."

ரயிலில் அப்பா எனக்கு எதிரில் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டே வந்தார். என்னைத் திட்டவில்லை. வீட்டுக்கு வந்து அம்மாவையும் எதுவும் கேட்கவில்லை. நான் மறுபடியும் அந்த அறைக்குள் போனேன், இப்போது தனியாக. என் கல்யாணம் வரைக்கும் அந்த ஆவிக்குள்ளேதான் இருந்தேன்.

இரண்டாம் உலக யுத்தத்துக்கு முன்பு அண்ணன் திரும்பி வந்தபோது நேரே விழுப்புரத்துக்குத்தான் போனான். அண்ணி அங்கே சின்னப் பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். இருவரும் அங்கேயே தங்கிவிட்டார்கள். எங்கள் வீட்டுப் பக்கம் அவள் வரவில்லை. பிரெஞ்சுக்காரன் போனபிறகு, அப்பா படுத்த படுக்கையாகக் கிடந்தபோது, ஞானம் வருவாளா என்று அம்மாவிடம் கேட்டார். சொல்லி அனுப்பினோம். அன்றைக்கே வந்துவிட்டாள். அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொல்ல முயன்றார். "வுடுங்க மாமா" என்றாள். அவ்வளவுதான் பேசினார்கள்.

கிழவியானபிறகு மகளைப் பார்க்கப் பாரிசுக்குப் போவதற்காகப் பாஸ்போர்ட் எடுத்தேன். முதல் பக்கத்தில், இவரைத் தடையில்லாமல் போகவிடவும் என்று இங்கிலீஷில் எழுதியிருந்த இடத்தில் 'லெட்' இருந்தது. ஆனால் அது அங்கே 'வித்தவுட் லெட்' என்று, தடை என்ற அர்த்தத்தில் இருந்தது. அச்சுப்பிழை என்று நினைத்துப் பெரிய அகராதியைப் புரட்டினேன். பழைய இங்கிலீஷில் அவை இரண்டு வினைச்சொற்களாம். ஒன்றுக்கு விட்டுச்செல், போகவிடு என்று பொருள். மற்றொன்றுக்குத் தாமதப்படுத்து என்று பொருள். அதிலிருந்துதான் தடு என்ற பொருள் வந்தது. காலப்போக்கில் இரண்டும் ஒரே உச்சரிப்பாகத் தேய்ந்துவிட்டன. தடுக்கிற 'லெட்' இப்போது பேச்சில் செத்துப்போய், இப்படி ஒன்றிரண்டு சட்ட வாசகங்களில் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. தாமதப்படுத்து என்ற இடத்திலேயே என் விரல் வெகுநேரம் நின்றது. அப்போது அண்ணி உயிரோடு இல்லை.

அந்த வீட்டை இடித்துவிட்டார்கள். நெல்லை ஆலையில் அவிக்கிறார்கள். சுங்கச் சோதனை நடந்த கொட்டகை எங்கே இருந்தது என்று காட்டச் சொன்னால் இன்று எவருக்கும் தெரியாது. ரயில் அந்த இடத்தில் வேகத்தைக்கூடக் குறைப்பதில்லை. தாயைப் பார்க்கப் போகிறவள் வில்லியனூரில் ஏறினால், நேரே விழுப்புரத்தில் போய் இறங்கலாம்.