வைரக்கண்ணு சாத்திய கேட்

சுண்ணாம்பைப் பற்றி வைரக்கண்ணுவிடம் வாய் கொடுத்தால் லேசில் மீள முடியாது. அரியலூர்ப் பக்கம் ஒரு சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் இருபத்தெட்டு வருஷம் கேட்டில் நின்றவர். பாஸ் இல்லாமல் மேனேஜரின் மச்சினனே வந்தாலும் கம்பியைத் தூக்கமாட்டார். கல்லைச் சோதித்துவிட்டு லேப் ஆட்கள், "இன்னைக்கி கால்சியம் நல்லா இருக்கு" என்று பேசிக்கொண்டு போவதைக் கேட்டுக் கேட்டு, கால்சியம் என்றால் சுண்ணாம்புச் சத்து என்று தெரிந்துகொண்டார். அதோடு விட்டிருக்கலாம்.

ஓய்வு பெற்று வீட்டுக்கு வந்தபின் காவல் காக்க அவருக்கு மிஞ்சியது மனைவி சுந்தராம்பாளின் மாத்திரை டப்பா மட்டும்தான். அவளுக்கு முட்டிவலி, எலும்பு டாக்டர் கால்சியம் மாத்திரை எழுதியிருந்தார். பிரஷரும் இருந்தது, அதற்கு இன்னொரு டாக்டரம்மா சின்னதாய் ஒரு வெள்ளை மாத்திரை கொடுத்திருந்தார். ஒருநாள் மெடிக்கல்காரரிடம் அந்த வெள்ளை மாத்திரை என்ன செய்யும் என்று கேட்டார் வைரக்கண்ணு. "கால்சியம் உள்ள போற வழிய அடைக்கும்ண்ணே" என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த ஆளைக் கவனிக்கப் போய்விட்டார்.

வைரக்கண்ணுவுக்குச் சோறு இறங்கவில்லை.

"அங்க ஒருத்தர் லோடு அனுப்புறாரு, இங்க ஒருத்தங்க கேட்டச் சாத்துறாங்க. என்னா வைத்தியம் இது? அப்பறம் எலும்புக்குச் சுண்ணாம்பு எப்புடிப் போயிச் சேரும்?"

நேரம் பார்த்து சுந்தராம்பாளின் பாதம் வேறு வீங்கியிருந்தது. அவருக்கு அது போதும். வெள்ளை மாத்திரையை நிறுத்தச் சொன்னார்.

"டாக்டரம்மாவ ஒரு வார்த்த கேட்டுக்கலாங்க" என்றாள் அவள்.

"இருவத்தெட்டு வருசம் கேட்டுல நின்னவனுக்குத் தெரியாததா?"

நிறுத்தினாள். பாத வீக்கம் வடிந்தது. பார்த்தாயா என்று மீசையைத் தடவிக்கொண்டார். நாலாம் மாதம், கொடியில் துணி போட்டுக்கொண்டிருந்தவள் அப்படியே சாய்ந்தாள். ஒரு பக்கம் கைகால் விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. திருச்சிக்குக் கொண்டுபோயும் ஒன்பதாம் நாள் கண்ணை மூடினாள்.

பிரஷர் மாத்திரை ஒழுங்காகச் சாப்பிட்டார்களா என்று அங்கே கேட்டார்கள். சென்னையிலிருந்து ஓடிவந்திருந்த மகள் சண்முகப்பிரியா அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். "அவ நிறுத்திட்டாம்மா" என்றார் வைரக்கண்ணு. பொய் என்று சொல்ல முடியாது. ஆனால் சொல்ல வேண்டியது அதுவல்ல.

அன்றிலிருந்து மகள் செத்துப்போன தாயைத் திட்டிக்கொண்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு அவள் ஃபோன் வரும். "அம்மாவுக்கு அம்புட்டுப் புடிவாதம்ப்பா. ஒரு மாத்திரை போட முடியலயா அவங்களுக்கு?" என்பாள். இவர் "ம்" என்பார். இரண்டு வருஷம் அந்த ஒரு "ம்"மை வைத்தே ஓட்டிவிட்டார்.

மற்ற ஆறு நாளும் வீட்டில் பேச ஆளில்லை. சாயங்காலம் பால்காரரிடம் "கால் லிட்டர்" என்று சொல்லும்போதுதான் தொண்டை திறக்கும். அதுவும் முதல் தடவை சத்தம் வராது, இருமிவிட்டு மறுபடி சொல்ல வேண்டும். சுந்தராம்பாள் இருந்தபோது அவள் பேச்சு ஓயவில்லையே என்று சலித்துக்கொண்டவர்தான் அவர்.

இந்தச் சித்திரையில் அவருக்கும் பிரஷர் என்றார்கள். மகளிடம் அதை மட்டும் சொன்னார். அதே வெள்ளை மாத்திரை. மாதம் ஒரு தடவை வீட்டுக்கே வந்து மாத்திரை கொடுத்து, கையில் பட்டையைச் சுற்றிப் பிரஷர் பார்த்துவிட்டுப் போகும் சுகாதாரப் பணியாளர் வேணி, மூன்றாம் மாதம் வந்தபோது அட்டைகள் பிரிக்கப்படாமல் அப்படியே இருப்பதைக் கண்டுபிடித்துவிட்டாள்.

"என்னங்கய்யா இது? ஒன்னுகூட போடலயா?"

வைரக்கண்ணு தன் லோடு, கேட் கணக்கையெல்லாம் எடுத்துச் சொன்னார். வேணி வாய்விட்டுச் சிரித்தாள்.

"ரத்தக்குழா செவுத்துல சதை இருக்குங்கய்யா. அதுக்குள்ள கால்சியம் நொழைஞ்சா சதை இறுகும், குழா சுருங்கும், பிரஷர் ஏறும். அந்த வாசலத்தான் இந்த மாத்திரை கொஞ்சம் சாத்துது. எலும்புக்குப் போற வழி வேற. ஒங்க சொரங்கத்துக்கு ஒரே கேட்டா இருந்துச்சு?"

மூன்று கேட் இருந்தன. மற்ற இரண்டில் என்ன வந்தது, என்ன போனது என்று அவருக்கு ஒருநாளும் தெரிந்ததில்லை.

"கால் வீங்குமே தாயி?" என்று கேட்டார்.

"சில பேருக்கு வீங்கும். டாக்டர்ட்ட சொன்னா வேற மாத்திரை மாத்திக் குடுப்பாங்க. நாமளா நிறுத்துனாத்தான் ஆபத்து. பிரஷர் ஏறி ஸ்ட்ரோக்குல கொண்டாந்து விட்டுரும்."

வேணி கிளம்பிப் போய்விட்டாள். வைரக்கண்ணு அந்த நாற்காலியிலேயே இருந்தார். ஒரு வார்த்தை கேட்டுக்கலாங்க என்று சுந்தராம்பாள் சொன்னது காதில் கேட்டுக்கொண்டே இருந்தது. இந்த ஒரு வார்த்தையைத்தான் கேட்கச் சொல்லியிருக்கிறாள். அவருக்கு அழுகை வந்தது. அழுதார், பார்க்கத்தான் யாருமில்லையே.

ஞாயிற்றுக்கிழமை மகள் பேசினாள். வழக்கம்போல அம்மாவின் பிடிவாதத்துக்கு வந்தாள்.

"அவ புடிவாதக்காரி இல்லம்மா" என்றார் வைரக்கண்ணு. "டாக்டரம்மாவக் கேக்கலாம்னுதான் சொன்னா. நான்தான் நிறுத்தச் சொன்னேன். இனிமே ஒங்கம்மாவத் திட்டாத."

மறுமுனையில் ஃபோன் கட்டானது.

அடுத்த ஞாயிறு பதினோரு மணிக்கு ஃபோன் வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. அவளுக்குக் கொஞ்சம் மெல்லச் சொல்லியிருக்கலாமோ என்று ஒருநாள் நினைத்தார். மெல்லச் சொல்ல இதில் என்ன இருக்கிறது என்று மறுநாள் நினைத்தார். காலையில் எழுந்ததும் வெள்ளை மாத்திரையை மட்டும் தவறாமல் போட்டுக்கொண்டார். போய்ச் சேர்ந்தபின் சுந்தராம்பாளிடம் அதையாவது சொல்லிக்கொள்ளலாம் என்று அவருக்கு ஒரு எண்ணம்.

மூன்றாம் ஞாயிறு ஃபோன் அடித்தது. எடுத்தார்.

"பிரஷர் மாத்திரை போட்டீங்களா?"

அவ்வளவுதான். அப்பா என்று கூப்பிடவில்லை. பதிலுக்கும் காத்திருக்கவில்லை, வைத்துவிட்டாள். வைரக்கண்ணு ஃபோனைக் காதிலிருந்து எடுக்காமல் இருமித் தொண்டையைச் சரிசெய்துகொண்டு, "போட்டுட்டேன்மா" என்றார்.