அவனா, அவரா?

யூதர்களைக் கூட்டம் கூட்டமாகக் கொல்ல ஆணையிட்ட நாஜித் தலைவரை ஒரு குழந்தை 'அவர்' என்று சொல்ல வேண்டுமா, 'அவன்' என்றா? எனக்கு இன்னமும் தெரியவில்லை.

துடியலூரில் ஆறாம் வகுப்பு படிக்கிறாள் என் மகள். அந்தப் படுகொலையைப் பற்றி அவள் பள்ளியில் ஒரு கண்காட்சி வைத்தார்கள். ஒவ்வொரு படத்தின் அருகிலும் ஒரு பிள்ளை நின்று, வருகிறவர்களுக்கு விளக்க வேண்டும். இவளுக்கு வந்தது ஒரு குடும்பப் படம். அப்பா, அம்மா, இரட்டைப் பின்னல் போட்ட மகள். நாஜி வதைமுகாமுக்குக் கொண்டுபோன மூவரும் திரும்பவில்லை. இந்த வயதில் இது தேவையா, தூக்கத்தில் பயந்து அலறுவாளோ என்று எனக்கு ஒரே கவலை. வேறு படம் கேட்டு டீச்சருக்கு வாட்ஸ்அப்பில் எழுதுவதும் அழிப்பதுமாக இருந்தேன்.

வீட்டில் சொல்லிப் பார்த்தாள். "யூதர்கள் யாருமே இருக்கக் கூடாதுன்னு அவரு சொல்லிப்போட்டாருங்க..."

என் கணவர் சிரித்துவிட்டார். "ஏங்கண்ணு, சம்பந்தி ஊட்டுக்காரரைச் சொல்றாப்பல சொல்றே?"

"அப்ப அவன்னு சொல்லட்டுங்களாம்மா?" என்று என்னிடம் கேட்டாள்.

பெரியவர்களை அவன் இவன் என்று பேசக் கூடாது என்று அதட்டி வளர்த்தவளே நான்தான். டீச்சரைக் கேட்டுக்கொள் என்று நழுவிவிட்டேன்.

கண்காட்சியன்று கூட்டத்துக்குப் பின்னால் நின்றேன். அவள் அந்தத் தலைவரிடமிருந்து தொடங்கவில்லை. "இந்த அக்காவை ஸ்கூலுக்கு வரக் கூடாதுன்னு சொல்லிப்போட்டாங்க" என்று ஆரம்பித்தாள். நடுவில் குரல் கம்மியது. போய் அழைத்து வந்துவிடலாமா என்று நினைப்பதற்குள் சமாளித்துக்கொண்டாள். இத்தனையும் செய்தது யார் என்று ஓர் அம்மா கேட்டார். அவனா, அவரா என்பது இப்போது வந்துவிடுமே என்று எட்டிப் பார்த்தேன்.

"ஒருத்தர் மட்டும் செய்யலைங்க. பேர் எழுதிக் குடுத்தவங்க, ரயில் ஓட்டுனவங்க, பக்கத்து ஊட்ல சும்மா பாத்துட்டு இருந்தவங்க, எல்லாருந்தானுங்க."

அந்த அம்மா குனிந்து படத்தைக் கிட்டத்தில் பார்த்தார். எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

திரும்பும் வழியில் வண்டியை நிறுத்தச் சொல்லி, ரோட்டோரக் கடையில் ஒரு தட்டு காளான் மசாலா கேட்டாள். என்னுடையதிலும் பாதியை எடுத்துக்கொண்டாள். வீட்டுக்கு வந்து நன்றாகத் தூங்கினாள். இன்றுவரை ஒரு கெட்ட கனவும் இல்லை. நான்தான் வீணாகத் தவித்திருக்கிறேன்.

இப்போது முகாமுக்குள் என்ன நடந்தது என்று கேட்கிறாள். நூலகத்திலிருந்து ஒரு புத்தகம் எடுத்து வந்தேன். அதிலுள்ள புகைப்படங்களை என்னாலேயே முழுதாகப் பார்க்க முடியவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து காட்டுவதா, படங்களை விட்டுவிட்டு வாயால் சொல்வதா, இன்னும் இரண்டு வருடம் பொறுப்பதா? இந்த வயதில் பிள்ளைகள் உள்ளவர்கள் நீங்கள் என்ன செய்தீர்கள் என்று எனக்கு எழுதுங்களேன்.