திட்டு விருந்தில் நான் போட்ட முடிச்சு

வெள்ளைச்சாமியைக் கொன்றது தண்ணீர் இல்லை. நான்.

ஊரில் கேட்டால் வேறு சொல்வார்கள். குடித்துவிட்டுக் கண்மாயில் விழுந்து செத்தான் என்பார்கள். அந்தப் பேச்சைக் கிளப்பியவனும் நானே! அவன் அன்று ஒரு சொட்டுக்கூடக் குடிக்கவில்லை. இது எனக்குத் தெரியும். இப்போது உங்களுக்கும் தெரியும். வேறு யாருக்கும் தெரியாது... அவன் மனைவிக்குக்கூட.

நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவன். எழுதிப் பழக்கமில்லை. பேசியும் பழக்கமில்லை. நாலு பேர் சேர்ந்து என்னைப் பார்த்தால் நாக்கு மேலே ஒட்டிக்கொள்ளும். பரிமாறும் வேலை எனக்குப் பிடித்ததே அதனால்தான். குனிந்து இலையைப் பார்த்தால் போதும், எவர் முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை. காரைக்குடியைச் சுற்றிய கல்யாண வீடுகளில் சாம்பார் வாளி தூக்கித் தொடங்கியவன், முப்பத்தைந்து வயதில் ஒரு பெரிய வீட்டில் பரிமாறுகிறவர்களுக்குத் தலைவனாக ஆனேன்.

அந்த வீட்டு முதலாளி மலேயாவில் சம்பாதித்துத் திரும்பியவர். விருந்து கொடுப்பதில் அவருக்கு ஒரு வெறி உண்டு. மதராசிலிருந்து வரும் பெரிய மனிதர்கள் மேசை நாற்காலியில் சாப்பிட்டுச் சலித்தவர்கள் என்பார். அவர்களுக்கு வேறெங்கும் கிடைக்காத விருந்து ஒன்றைத் தர வேண்டுமென்று நினைத்தார். தந்தார்.

கல்லல் போகும் வழியில் ஊரைவிட்டு விலகி ஒரு பெரிய கண்மாய். நடுவில் ஒரு திட்டு. மழைக்காலம் முடிந்து கண்மாய் நிறைந்திருக்கும்போது அந்தத் திட்டு ஒரு தனித் தீவாக நிற்கும். மருத மரங்கள், நாரைகள், சுற்றிலும் வானத்தை விரித்துப் போட்டது போலத் தண்ணீர். அங்கே நான்கு தேக்குத் தூண்களை நட்டு, ஓடு போட்டு, தண்ணீருக்குள் இறங்கும் அகலமான கற்படிகளைக் கட்டினார். கார்கள் கரையில் நிற்கும். விருந்தினர்களைத் தோணியில் கொண்டுபோய்த் திட்டில் இறக்குவார்கள்.

அவர்கள் கடைசிப் படியில் உட்கார்ந்து கால்களைத் தண்ணீரில் தொங்கவிட்டுக்கொள்வார்கள். ஒவ்வொருவர் முன்பும் வாழைத்தண்டுகளைச் சேர்த்துக் கட்டிய சிறு தெப்பம் மிதக்கும். அதன்மேல் தலைவாழை இலை. காடை வறுவல், விரால் குழம்பு, வெள்ளைப் பணியாரம், கடைசியில் கவுனி அரிசி இனிப்பு... எல்லாம் தண்ணீரில் மிதந்தபடி வரும்.

தானாக மிதந்து வருமா? நாங்கள் தள்ளிக்கொண்டு வருவோம். இடுப்பளவுத் தண்ணீரில், வெள்ளை வேட்டியும் தலைப்பாகையுமாக, மார்கழிக் குளிரில். இரண்டு மணி நேரம் நின்றால் கால் இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டும். விருந்தினர்களுக்கு அது ஒரு காட்சி. படம் பிடித்துக்கொள்வார்கள்.

இன்னொரு வழக்கமும் இருந்தது. முன்னோருக்குப் படைக்கும்போது அந்த வீட்டில் சமைப்பவர்கள் வாயைத் துணியால் கட்டிக்கொள்வார்கள். பேச்சும் எச்சிலும் படையலில் விழக்கூடாது என்பதற்காக. முதலாளி அதைத் திட்டு விருந்துக்கும் கொண்டுவந்துவிட்டார். பரிமாறுகிற அத்தனை பேருக்கும் வாய்க்கட்டு. நான் மட்டும் கட்ட வேண்டாம். மேல்படியில் ஒரு சிறிய வெண்கல மணியோடு நிற்பேன். ஒருமுறை அடித்தால் அடுத்த பதார்த்தம். விடாமல் அடித்தால் எல்லோரும் வேலையை விட்டுவிட்டுக் கரையேற வேண்டும்.

அந்த மணியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

வெள்ளைச்சாமி என்னிடம் வேலை பார்த்தவர்களில் ஒருவன். வயதில் இளையவன். வாய் ஓயாமல் பேசுவான். அவன் இருக்கும் இடத்தில் சிரிப்பு இருக்கும். முன்பு குடித்துக்கொண்டிருந்தவன், கல்யாணமான பிறகு குன்றக்குடி முருகன்மேல் சத்தியம் செய்து நிறுத்திவிட்டான். அவனுக்கு நீச்சல் தெரியாது. அதுவும் எனக்குத் தெரியும்.

திட்டை உயர்த்துவதற்காக ஒருகாலத்தில் மண் வெட்டிய பள்ளம் ஒன்று படிகளின் கடைசிப் பக்கம் இருந்தது. ஆள் உயரத்துக்கும் மேலே ஆழம். கலங்கிய தண்ணீரில் கண்ணுக்குத் தெரியாது. அடையாளத்துக்கு ஒரு மூங்கில் கழியை நட்டு வைத்திருந்தோம். கழிக்கு அந்தப் புறம் யாரும் போவதில்லை.

அன்று வந்த விருந்தினர்களில் ஒருவர், அந்தக் கழி சூரியன் மறைவதை வெட்டுகிறது, படம் நன்றாக வராது என்றார். முதலாளி என்னைப் பார்த்தார். நானே இறங்கிப் போய்க் கழியைப் பிடுங்கினேன். மற்ற ஆட்களிடம் ஒவ்வொருவராகச் சொல்லி வைத்தேன். வெள்ளைச்சாமி அப்போது அடுப்பு இருந்த பின்பக்கம் போயிருந்தான். வந்ததும் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தேன். உண்மையாகவே அப்படித்தான் இருந்தேன்... அதுவரை என்மேல் குற்றமில்லை.

விருந்து தொடங்கிப் பாதி நடந்திருக்கும். ஓர் அம்மாள், பட்டுச் சேலையை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவர், பணியாரத்தைக் காட்டி இது எதில் செய்தது என்று என்னைக் கேட்டார். பச்சரிசியும் உளுந்தும் என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான். எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். வாயைத் திறந்தேன். காற்றுதான் வந்தது. மறுபடி திறந்தேன்...

வெள்ளைச்சாமி தண்ணீரில் நின்றபடியே வாய்க்கட்டைக் கீழே இழுத்துவிட்டான்.

"அண்ணனுக்கு வாயக் கட்ட வேண்டிய வேலையே இல்லீங்கம்மா. பிறக்கும்போதே சாமி கட்டி அனுப்பிருச்சு."

சிரித்தார்கள். அந்த அம்மாள் சிரித்தார். முதலாளி சிரித்தார். தோணிக்காரன்கூடச் சிரித்தான். வெள்ளைச்சாமி என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினான். அதில் பகை இல்லை. என்னைச் சங்கடத்திலிருந்து காப்பாற்றியதாகத்தான் அவன் நினைத்திருப்பான். இன்று எனக்கு அது புரிகிறது. அன்று புரியவில்லையா? புரிந்ததா? எத்தனையோ இரவுகள் கேட்டுப் பார்த்துவிட்டேன்.

அவனைக் கையசைத்துக் கூப்பிட்டேன். படியேறி வந்தான். திரும்பி நிற்கச் சொல்லி, வாய்க்கட்டை நானே கட்டினேன். வாயோடு நிறுத்தவில்லை, மூக்குக்கும் மேலே ஏற்றிக் கட்டினேன். நனைந்த துணி. இரட்டை முடிச்சு. இழுத்து இறுக்கியபோது அவன் தலை பின்னால் வந்தது.

"இனி இந்தப் பக்கம் வேணாம். அங்குட்டுக் கடைசியில நில்லு" என்றேன். நாக்கு ஒட்டவில்லை, பாருங்கள்!

அவன் தெப்பத்தைத் தள்ளிக்கொண்டு கடைசிப் பக்கம் போனான். அங்கே நின்று தண்ணீரைப் பார்த்தான். வழக்கமான இடத்தில் கழியைக் காணோம். திரும்பி என்னைப் பார்த்தான். புருவத்தை உயர்த்தி, கையை நெட்டுக்குத்தலாக வைத்துக் காட்டினான். கழி எங்கே என்று கேட்டான். வாய் திறந்திருந்தால் கேட்டிருப்பான், எல்லோர் காதிலும் விழுந்திருக்கும். கையால்தான் கேட்க முடிந்தது. எனக்கு மட்டும் புரிந்தது.

நான் கையை நீட்டினேன். இன்னும் போ. இன்னும் அந்தப் பக்கம் போ.

அவன் என்னை நம்பினான்.

சாக வேண்டும் என்று நினைத்தேனா? இல்லை. ஒரு முங்கு முங்கி, தண்ணீர் குடித்து, தலைப்பாகை அவிழ்ந்து எழுந்து நிற்க வேண்டும். எல்லோரும் அவனைப் பார்த்துச் சிரிக்க வேண்டும். அவ்வளவுதான் வேண்டியிருந்தது. அதுவும் எனக்குக் கிடைத்தது!

தலை உள்ளே போனது. தெப்பம் கவிழ்ந்தது. காடை வறுவல் நாலாபுறமும் மிதந்தது. விருந்தினர்கள் சிரித்தார்கள். அவன் கை மேலே வந்து விரல்களை விரித்தது. விருந்தின் வேடிக்கை என்று நினைத்து ஒருவர் கை தட்டினார். தலை ஒருமுறை மேலே வந்தது. மூச்சு இழுத்தான், வெள்ளைத் துணி உள்ளே குழிந்தது... காற்று போகவில்லை. நனைந்த துணி காற்றை விடாது. கண்கள் என்னைத் தேடின. மேல்படியைத் தேடின.

மணி என் கையில் இருந்தது. அது அடிக்காமல் மற்ற ஆட்கள் நின்ற இடத்தைவிட்டு அசைய மாட்டார்கள். அதன் நாக்கை விரலால் பிடித்துக்கொண்டு நின்றேன்.

இன்னும் கொஞ்சம். இன்னும் கொஞ்சம் குடிக்கட்டும். என் மனம் சொன்னது இதுதான். வேறு ஒன்றும் சொல்லவில்லை.

முதலில் சிரிப்பை நிறுத்தியது அந்த அம்மாள். அவர் அலறிய பிறகே நான் மணியை விட்டேன். அடிக்கவில்லை. அது கையிலிருந்து நழுவிப் படிகளில் உருண்டது. நான் குதித்தேன். எனக்கு நீச்சல் தெரியும். வேட்டியைப் பற்றி இழுத்துப் படியில் போட்டேன். முடிச்சை அவிழ்க்கப் பார்த்தேன். நான் போட்ட முடிச்சு எனக்கே அவிழவில்லை. இலை நறுக்கும் கத்தியை யாரோ நீட்டினார்கள். அறுத்தேன். உதடுகள் நீலமாக இருந்தன. அந்த ஓயாத வாய் திறந்தே கிடந்தது.

விருந்தினர்களைத் தோணியில் ஏற்றினார்கள். கவுனி அரிசி இன்னும் பரிமாறவில்லையே என்று முதலாளி வருத்தப்பட்டு, அதைத் தூக்குவாளிகளில் போட்டுக் கார்களுக்கு அனுப்பச் சொன்னார். அனுப்பினேன். வாங்கிக்கொண்டார்கள்.

அந்தக் களேபரத்தில் வாய்க்கட்டை அடுப்பில் போட்டேன். ஈரத் துணி, எரிய மறுத்தது. வெகுநேரம் புகைந்தது.

பிறகு ஏட்டையா வந்தார். எப்படி விழுந்தான் என்று கேட்டார். சுற்றிலும் கூட்டம். அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள். வழக்கமாக வாய் அடைத்திருக்க வேண்டும் அல்லவா?

"குடிச்சிருந்தான் ஐயா" என்றேன். தடுமாற்றமே இல்லை. யாரும் அப்படிச் சொல்லச் சொல்லவில்லை, மிரட்டவில்லை. மதுவிலக்கு இருந்த காலம். ஏட்டையா முகத்தில் அலுப்பு வந்தது. முதலாளி நிம்மதியாக மூச்சு விட்டார். குடிகாரன் சாவுக்கு யார் என்ன கேட்கப் போகிறார்கள்? எல்லோருக்கும் அந்தச் சொல் வசதியாக இருந்தது.

செல்லாயியைத் தவிர. அவன் மனைவி.

காரியம் முடிந்த பிறகு அவள் என்னைத் தேடி வந்தாள். அழுது ஓய்ந்திருந்தாள். என் முகத்தையே பார்த்தாள்.

"ஊரு ஆயிரம் சொல்லும். கடைசியா அவுகளைத் தொட்டுத் தூக்குனது நீங்க. நீங்க சொல்லுங்கண்ணே. அவுக குடிச்சிருந்தாகளா?"

ஒரு சொல். இல்லை என்ற ஒரு சொல்! அதைச் சொல்லியிருந்தால் முடிச்சைப் பற்றிக் கேட்டிருக்க மாட்டாள். கழியைப் பற்றிக் கேட்டிருக்க மாட்டாள். புருஷன் தன்னிடம் பொய் சொல்லவில்லை என்ற நிம்மதி ஒன்றுதான் அவளுக்கு வேண்டியிருந்தது. ஆனால் அப்புறம் எப்படி விழுந்தான் என்று யாராவது கேட்டால்...?

தலையை ஆட்டினேன். ஆமாம் என்று.

அவள் சத்தம் போடவில்லை. "முருகன்மேல கையடிச்சுக் குடுத்துட்டுப் போயிக் குடிச்சாகளாக்கும்" என்று மட்டும் சொன்னாள். அன்றோடு அவள் முகத்தில் அவனுக்காக இருந்த ஏதோ ஒன்று அணைந்துபோனது. நான் நேரில் பார்த்தேன். அவன் இரண்டாம் முறை செத்தது அப்போதுதான்.

அதன்பிறகு திட்டு விருந்து நடக்கவில்லை. முதலாளி காலமானார். தேக்குத் தூண்களைப் பெயர்த்து விற்றுவிட்டார்கள். நான் மறுபடி கல்யாண வீடுகளுக்குப் போனேன். இப்போதும் போகிறேன்.

ஆடி அமாவாசைக்கு எல்லா வீட்டிலும் செத்தவர்களுக்கு இலை போட்டுப் படைப்பார்கள். செல்லாயி வெள்ளைச்சாமிக்குப் படைப்பதில்லை. சாமியை ஏமாற்றியவனுக்கு இலை கிடையாது என்று சொல்லிவிட்டாள். ஆனால் அன்று சமைப்பாள். அவனுக்குப் பிடித்த கருவாட்டுக் குழம்பும் மொச்சையும் வைப்பாள். எனக்கு ஆள் அனுப்புவாள்.

முதல் வருடம் போனபோது நான் உட்காரத் தயங்கினேன்.

"செத்தவுகளுக்குப் போட மனசு வரலண்ணே. தண்ணிக்குள்ள குதிச்சு இழுத்தாந்தது நீங்கதானே. நீங்க உக்காருங்க" என்றாள்.

உட்கார்ந்தேன். அவனுக்கு விழ வேண்டிய இலை எனக்கு விழுந்தது.

ஒவ்வோர் ஆடியிலும், இன்று சொல்லிவிட வேண்டும் என்றுதான் புறப்படுகிறேன். வழியெல்லாம் வார்த்தைகளைச் சேர்த்துக்கொண்டே போகிறேன். இந்த வருடமும் அப்படித்தான் போனேன். தலை நரைத்துவிட்டது அவளுக்கு. இலையைத் துடைத்துப் போட்டாள். சோற்றை வைத்தாள். குழம்பை ஊற்றினாள். நான் வாயைத் திறந்தேன்...

காற்றுதான் வந்தது. அதை மறைக்கச் சோற்றைப் பிசைந்து வாயில் போட்டுக்கொண்டேன்.

"இன்னுங் கொஞ்சம் ஊத்தவாண்ணே?" என்று கேட்டாள்.

தலையை ஆட்டினேன். ஆமாம் என்று.