ஏழுமலை அண்ணன் பெயரை நசுக்கிய பேனர்

ஏழுமலை அண்ணன் போய்விட்டார். இன்று விடியற்காலை, தூக்கத்திலேயே மாரடைப்பு...

உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்ட் பக்கத்து ஃப்ளெக்ஸ் கடையில் எனக்கு அடுத்த சீட் டிசைனர். உங்களில் பலருக்கு அவரைத் தெரியாது. ஆனால் அவர் எழுத்தைப் படித்திருப்பீர்கள்.

நம் பக்கத்து மெடிக்கல் ஷாப், பால்வாடி, பஸ் ரூட் போர்டு என்று எங்கும் இருக்கும் அந்த உருண்டை எழுத்து அவர் உருவாக்கிய ஃபான்ட். கூர்முனையே கிடையாது. கோடெல்லாம் ஒரே தடிமன், முனைகள் தேய்ந்த சோப்பு மாதிரி மழுமழுவென்று இருக்கும்.

'ழ' மட்டும் மாசக்கணக்கில் படியவில்லை. டீ ஆறிப்போக, ஸ்க்ரீனைத் திட்டிக்கொண்டிருப்பார். "என் பேருலயே கீது, இது மட்டும் அடங்க மாட்டேங்குது பாரு!"

"இன்னாத்துக்குண்ணா இவ்ளோ உருட்டறீங்க?" என்று ஒருநாள் கேட்டேன்.

"கண்ணு மங்கினவங்க பஸ்ல போய்க்கினே படிக்கணும்மா. உள்ள கீற ஓட்டைய பெருசா வுட்டாத்தான் தூரத்துல அடைச்சிக்காது."

கேட்ட கடைக்காரர்களுக்கெல்லாம் அந்த ஃபான்ட்டை பென் டிரைவில் சும்மா கொடுத்துவிடுவார். ஒரே கண்டிஷன்... இடம் பத்தவில்லை என்று மவுஸால் பிடித்து நசுக்கக் கூடாது, இழுக்கவும் கூடாது. "சைஸ கொற, ரெண்டு வரியா போடு. எயுத்த மட்டும் தொடாத" என்று என் கையிலேயே தட்டியிருக்கிறார்.

ஒரு லோக்கல் பிரமுகர் பிறந்தநாள் பேனருக்கு வந்தார். தன் பெயரை இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை இழுக்கச் சொன்னார். அண்ணன் முடியாது என்றார்.

"பேனரு என்னுது. எயுத்து இன்னா உன்னுதா?"

"ஆமாங்க, என்னுதுதான்."

அந்த ஆள் கோபித்துக்கொண்டு வாலாஜாபாத் கடைக்குப் போய்விட்டார். ஓனர் கத்தினார். அண்ணன் பாட்டுக்கு மிச்சமிருந்த பஜ்ஜியைத் தின்றுகொண்டிருந்தார்.

இன்று மதியம் மானாம்பதியில் அவர் வீட்டுக்குப் போனேன். தெருமுனையில் கண்ணீர் அஞ்சலி பேனர்... அதே பிரமுகர். ஆளுயரத்துக்குக் கைகூப்பி நிற்கிறார். அண்ணன் படம் ஸ்டாம்ப் சைஸில் மேல் மூலையில்.

பிரமுகர் பெயர் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை. மிச்ச இடத்தில் அண்ணன் பெயரைத் திணித்து நசுக்கியிருக்கிறார்கள். அதுவும் அவருடைய ஃபான்ட்டிலேயே. 'ழ' வெறும் கறையாக இருந்தது.

சாவு வீட்டு வாசலிலுமா விளம்பரம்? சீ...

இதைவிட அசிங்கம், அந்த ஆளே என்னிடம் வந்து, "பேனரு எப்டி கீது? அவுரு எயுத்துலயே போட சொன்னேன்" என்றது. பெருமை வேறு! அந்த ஆளைத் தாண்டி வீட்டுக்குள் நடந்தேன். அங்கேயே நின்றிருந்தால் கெட்ட வார்த்தைதான் வந்திருக்கும்.

உள்ளே போனதும் அண்ணி கையைப் பிடித்துக்கொண்டார். "அத்த பாத்தியாம்மா? அவுரு பேர யாராலயும் படிக்க முடியாத மாறி பண்ணி வெச்சிகீறாங்க. நீயாச்சும் ஒயுங்கா போட்டுக் குடேன்."

கடைக்குத் திரும்பி அவர் கம்ப்யூட்டரைத் திறந்தேன். பெயரை டைப் செய்தேன். எழுத்தின் ஓரத்தை மவுஸால் தொடவே இல்லை.

பிரிண்ட் காய்வதற்குள் எடுத்துப் போய் ஃப்ரீசர் பாக்ஸ் தலைமாட்டில் வைத்தோம். பெயர் மட்டும். யார் படமும் இல்லை, கைகூப்பலும் இல்லை.

வாசலிலிருந்தே படிக்க முடிகிறது அண்ணா. போய் வாருங்கள்.